மாந்தோப்பும் பூந்தோட்டமும் பார்க்க கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கம் போவது எப்படி: முழுமையான வழிகாட்டி

மாசி பிறந்ததும் பெங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் ஆட்கள் இந்தப் பக்கம் வர ஆரம்பித்துவிடுகிறார்கள். வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் செய்வது ஒன்றுதான்: முதலில் ரூம் போடுவார்கள், அப்புறம் வண்டி பேசுவார்கள், வந்து இறங்கிய பிறகு "இங்கே ஏதாவது தோட்டம் பார்க்க முடியுமா" என்று டீக்கடையில் கேட்பார்கள். தனியார் தோட்டத்துக்கு டிக்கெட் கவுண்டர் கிடையாது. அது ஒரு குடும்பம் வேலை செய்து பிழைக்கிற இடம், அவர்கள் வரச் சொன்னால்தான் போக முடியும். அதனால் வரிசையை மாற்ற வேண்டும். முதலில் பயிர், அப்புறம் நாள், அப்புறம் அனுமதி, கடைசியில்தான் ரூமும் வண்டியும். கீழே அந்த வரிசையிலேயே எழுதியிருக்கிறேன்.

1. எதைப் பார்க்க வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

"வசந்த காலத்தில் போகிறோம், எல்லாம் பூத்திருக்கும்" என்று நினைத்து வருவதுதான் முதல் தவறு. இங்கே ஒவ்வொரு பயிருக்கும் ஒரு காலம்.

மாமரம் பூப்பது மார்கழி, தை, மாசி. மாந்தோப்பு முழுக்கப் பூங்கொத்தாக நிற்பதைப் பார்க்க ஆசை என்றால் ஜனவரி கடைசியிலிருந்து பிப்ரவரிக்குள் வந்துவிட வேண்டும். மார்ச்சில் வந்தால் பிஞ்சுதான் இருக்கும். ஏப்ரல் கடைசி, மே மாதங்களில் செந்தூரா, பங்கனப்பள்ளி, அல்போன்சா என்று பறிப்பு ஆரம்பிக்கும். கிருஷ்ணகிரியில் அதிகம் விளைகிற, மாங்கூழ் தொழிற்சாலைகளுக்குப் போகிற பெங்களூரா ரகம் ஜூன், ஜூலையில்தான் முழுவீச்சில் வரும். நீலமும் அப்போதுதான். ஏப்ரல் முதல் வாரத்தில் வந்துவிட்டு "மாம்பழமே இல்லையே" என்று கேட்டால் தோட்டக்காரர் என்ன செய்வார்?

ரோஜாவுக்கு ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை, பாகலூர் பக்கம் போக வேண்டும். அங்கே பெரும்பாலும் பசுமைக்குடிலில் வளர்க்கிறார்கள், வருஷம் முழுக்கப் பூ இருக்கும். ஓசூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் மார்ச்சிலும் காலையில் குளிர் விட்டிருக்காது. கிருஷ்ணகிரி நகரம் அதைவிடத் தாழ்வு, பங்குனியிலேயே வெயில் சுட ஆரம்பித்துவிடும். இரண்டுக்கும் நடுவே ஒரு மணி நேரப் பயணம்தான், ஆனால் உடுப்பே வேறாக இருக்க வேண்டும்.

மல்லிகை, சம்பங்கி, சாமந்தி மாதிரி திறந்தவெளிப் பூந்தோட்டங்கள் தருமபுரி மாவட்டத்திலும் உண்டு, ராயக்கோட்டை பக்கமும் உண்டு. குண்டுமல்லி வெயில் ஏற ஏறத்தான் நன்றாகக் கொடுக்கும், அதனால் பங்குனி, சித்திரை அதற்கு நல்ல நேரம். புளியந்தோப்பைப் பலர் கணக்கிலேயே எடுப்பதில்லை. மாசி, பங்குனியில் புளி உலுக்கி, ஓடு உடைத்து, கொட்டை எடுக்கிற வேலை வீட்டுத் திண்ணை வரை நடந்துகொண்டிருக்கும். என்னைக் கேட்டால், மார்ச்சில் வருகிறவர்கள் மாந்தோப்பை விட இதைத்தான் பார்க்க வேண்டும்.

2. காலண்டரை எடுத்து, போகக் கூடாத நாட்களை முதலில் அடியுங்கள்

பூ விவசாயிக்கு நாள்காட்டி என்றால் முகூர்த்த நாள்தான். முகூர்த்தத்துக்கு முந்தின இரண்டு நாள் பறிப்பும் கட்டும் லோடும் என்று ஓடிக்கொண்டிருப்பார். அன்றைக்கு உங்களோடு நின்று பேச அவருக்கு நேரம் இருக்காது. யுகாதி, பங்குனி உத்திரம், சித்திரை முதல் நாள், அட்சய திருதியை இவற்றுக்கு முன் வருகிற நாட்களையும் அடித்துவிடுங்கள்.

ரோஜாப் பசுமைக்குடிலுக்கு ஜனவரி கடைசியிலிருந்து பிப்ரவரி 14 வரை போக வேண்டாம். காதலர் தினத்துக்கு அனுப்பும் பூவுக்குத்தான் வருஷத்திலேயே நல்ல விலை. செடியைக் கவாத்து செய்வதே, அதாவது கிளைகளை வெட்டிவிடுவதே, அந்தத் தேதியைக் கணக்குப் போட்டுத்தான். பிப்ரவரி 20க்கு மேல் கேட்டால் அவர்களே நிதானமாக வரச் சொல்வார்கள்.

மாந்தோப்புக்குப் பூக்கும் நேரத்தில் போகிறவர்கள் மருந்தடிக்கும் நாளைக் கேட்டே ஆக வேண்டும். தத்துப்பூச்சிக்கும் சாம்பல் நோய்க்கும் பூக்கும் பருவத்தில்தான் மருந்தடிப்பார்கள். அடித்த நாளும் மறுநாளும் போகவே கூடாது, அதற்கு மேலும் தோட்டக்காரர் சரி என்று சொல்லும் வரை தள்ளிப் போடுங்கள். குழந்தைகளைக் கூட்டி வருகிறவர்கள் இதில் சமரசமே செய்துகொள்ளக் கூடாது.

வாரச்சந்தையையும் பாருங்கள். போச்சம்பள்ளிச் சந்தை ஞாயிற்றுக்கிழமை. அந்தச் சுற்றுவட்டாரத்தில் பாதி ஊர் அன்றைக்குச் சந்தையில் இருக்கும். நமக்கு விடுமுறை ஞாயிறு என்பதால் அன்றே தோட்டத்துக்குப் போய் யாரும் இல்லாமல் திரும்பியவர்கள் உண்டு. ஞாயிறு சந்தைக்குப் போங்கள், சனியோ திங்களோ தோட்டத்துக்குப் போங்கள்.

3. தோட்டக்காரரைக் கண்டுபிடிப்பது

இணையத்தில் தேடினால் முதலில் வருவது ரிசார்ட்டுகள். அவை வேறு. உண்மையில் பயிர் வைத்திருப்பவரைப் பிடிக்க இந்த வழிகள் பலன் தரும்:

உழவர் சந்தை. ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி மூன்றிலும் இருக்கிறது. அங்கே விற்பவர்கள் அடையாள அட்டை வைத்திருக்கும் விவசாயிகள். காலை 7 மணிக்குள் போய், காய் வாங்கி, வியாபாரம் ஓய்ந்த பிறகு மெதுவாகப் பேச்சுக் கொடுங்கள். கூட்ட நேரத்தில் கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும்.

நாற்றுப் பண்ணை. போச்சம்பள்ளி அருகே சந்தூரில் மாஞ்செடி ஒட்டுக்கட்டும் (நாட்டுச் செடியின் மேல் நல்ல ரகத்தின் கிளையை இணைத்து வளர்க்கும்) பண்ணைகள் வரிசையாக இருக்கின்றன. அவர்களுக்கு எந்த ஊரில் யார் தோப்பு, எந்த ரகம், எத்தனை வயது மரம் என்பது அத்துப்படி. நான்கு செடி வாங்குகிறவருக்கு ஒரு போன் நம்பர் கொடுக்க அவர்கள் தயங்குவதில்லை.

உரக்கடை, வட்டாரத் தோட்டக்கலை அலுவலகம். அலுவலகத்தில் நம்பரை நேரடியாகக் கேட்காதீர்கள். உங்கள் நம்பரைக் கொடுத்து, "விருப்பம் இருக்கிறவர் கூப்பிடட்டும்" என்று சொல்லிவிட்டு வாருங்கள். இப்படிச் செய்தால் மறுப்பதற்கும் அவர்களுக்கு வழி இருக்கிறது, அழைப்பவர் மனமுவந்து அழைக்கிறார்.

எதுவுமே அமையவில்லை என்றால் காவேரிப்பட்டணம் அருகே பையூரில் வேளாண் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, தளியில் இந்திய இஸ்ரேல் கூட்டுத் திட்டத்தில் வந்த மலர் மகத்துவ மையம் இருக்கிறது. முன்கூட்டிக் கேட்டுப் பார்க்கலாம். அங்கே விவரம் சொல்லக் கூடியவர்கள் இருப்பார்கள், அவர்களுக்கு நல்ல விவசாயிகளையும் தெரியும்.

4. அனுமதி கேட்பது

இதில்தான் அதிகம் பேர் தடுக்கி விழுகிறார்கள், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

மாந்தோப்பில் நிலம் ஒருவருடையது, அந்த வருஷக் காய் இன்னொருவருடையது என்பது இங்கே சாதாரணம். பூ எடுக்கும்போதோ பிஞ்சு பிடிக்கும்போதோ வியாபாரி மதிப்புப் போட்டுத் தோப்பைக் குத்தகைக்கு எடுத்துவிடுவார். அதிலிருந்து பறிப்பு முடியும் வரை காவல், மருந்து, பறிப்பு எல்லாம் அவர் பொறுப்பு. உரிமையாளர் "தாராளமா வாங்க" என்று சொன்னாலும், தோப்பில் குடிசை போட்டுக் காவல் இருப்பவருக்கு அது தெரியாது. கேமராவோடு நான்கு பேர் மரத்தடியில் நின்றால் அவர் சத்தம் போடுவார், போடுவது நியாயமும் கூட. அதனால் உரிமையாளரிடம் பேசும்போதே "குத்தகைக்கு விட்டிருக்கீங்களா, அவர்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லிடலாமா" என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்வியில் பாதிப் பிரச்சினை தீரும்.

போனில் எப்படிப் பேசுவது? நேரடியாக, சுருக்கமாக. இப்படி:

"வணக்கம்ங்க அண்ணா, உழவர் சந்தையில உங்க நம்பர் கொடுத்தாங்க. நாங்க குடும்பமா நாலு பேர், சின்னப் பையன் ஒருத்தன். உங்க தோட்டத்தை ஒரு மணி நேரம் சுத்திப் பாக்கணும்னு ஆசை. வேலைக்குத் தொந்தரவு இல்லாத நாள் எதுன்னு நீங்களே சொல்லுங்க, அன்னிக்கு வர்றோம்."

எத்தனை பேர், எவ்வளவு நேரம், எதற்கு என்ற மூன்றும் இதில் வந்துவிட்டது, நாளை முடிவு செய்யும் உரிமையும் அவரிடமே இருக்கிறது. "சனிக்கிழமை வரோம், இருப்பீங்களா" என்று கேட்டுப் பாருங்கள், பதிலின் தொனியே மாறிவிடும். அழைக்கும் நேரம் மதியம் 1 முதல் 3 வரை, இல்லாவிட்டால் இரவு 7 மணிக்கு மேல். காலையில் அவர் கை வேலையில் இருக்கும். பெரியவராக இருந்தால் ஐயா, வீட்டு அம்மா எடுத்தால் அக்கா. ஓசூர், தளி பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிறவர்கள் நிறைய. தமிழ் எல்லோருக்கும் புரியும், ஆனால் உங்களுக்கு அந்த மொழி தெரிந்தால் அதிலேயே தொடங்குங்கள்.

நான்கு பேர் என்று சொல்லிவிட்டுப் பத்துப் பேராகப் போகாதீர்கள். கிளம்புவதற்கு முந்தின நாள் இரவு ஒருமுறை அழைத்து உறுதி செய்யுங்கள். திடீரென்று ஆள் கிடைத்துப் பறிப்பு வைத்திருக்கலாம், கோடை மழை பெய்து செம்மண் வழி சேறாகியிருக்கலாம்.

பட்டுப்புழு வளர்ப்பவர்களிடம் ஒரு விஷயம். மல்பெரி தோட்டத்தைக் காட்டுவார்கள், புழு இருக்கும் மனைக்குள் விட மாட்டார்கள். வெளி ஆள் மூலம் நோய் வந்தால் அந்தத் தொகுதியே போய்விடும். வற்புறுத்த வேண்டாம்.

5. இப்போது ரூமும் வண்டியும்

அனுமதி கிடைத்த இடத்தைப் பொறுத்துத்தான் தங்கும் ஊர். தளி, தேன்கனிக்கோட்டை என்றால் ஓசூர். மாந்தோப்பு, சந்தூர், காவேரிப்பட்டணம் என்றால் கிருஷ்ணகிரி. பாலக்கோடு, பாப்பாரப்பட்டி என்றால் தருமபுரி. மாசி, பங்குனி வாக்கில் ஓசூர் சந்திரசூடேஸ்வரர் கோயில் தேர் வரும், அந்த வாரம் ஓசூரில் ரூம் கிடைப்பதும் ஊருக்குள் வண்டி ஓட்டுவதும் சிரமம்.

ரயிலில் வருகிறவர்கள் கவனிக்க: ஓசூரிலும் தருமபுரியிலும் ரயில் நிலையம் உண்டு, கிருஷ்ணகிரி நகரத்துக்கு ரயில் கிடையாது. ஓசூர், தருமபுரி ரயில் பாதையில் ராயக்கோட்டையும் வரும். கிருஷ்ணகிரிக்குப் பேருந்துதான், அதற்குக் குறைவே இல்லை.

தோட்டம் வரை போக சொந்த வண்டியோ வாடகை வண்டியோ வேண்டும். டவுன் பஸ் ஊர் வரைக்கும் போகும், அங்கிருந்து தோட்டத்துக்கு இரண்டு மூன்று கிலோமீட்டர் நடை இருக்கலாம், திரும்பும் பஸ் எப்போது என்பதும் நிச்சயமில்லை. தாழ்வான கார் என்றால் தார் ரோட்டிலேயே நிறுத்திவிட்டு நடந்து போவது நல்லது.

6. நாளின் ஒழுங்கு

ஒரு நாளைக்கு இரண்டு தோட்டம். அதற்கு மேல் வைத்தால் இரண்டாவதில் நிற்கும்போதே மூன்றாவதைப் பற்றித்தான் யோசிப்பீர்கள்.

காலை 6:30 முதல் 9 வரைதான் தோட்டத்துக்கு நேரம். மல்லிகையை மொக்காகவே விடியற்காலையில் பறித்துவிடுவார்கள், 10 மணிக்குப் போனால் வெறும் செடியைத்தான் பார்ப்பீர்கள். ரோஜா அறுப்பதும் காலையில்தான், அப்போதுதான் தரம் பிரித்துக் கட்டுவதையும் பார்க்கலாம்.

பசுமைக்குடிலும் திறந்தவெளித் தோட்டமும் ஒரே நாளில் என்றால் பசுமைக்குடிலுக்கு முதலில் போங்கள். துவைத்த துணி, சுத்தமான செருப்போடு. வெளித்தோட்டத்தில் திரிந்துவிட்டு அதே துணியோடு உள்ளே போனால் சிலந்திப்பேனையும் இலைப்பேனையும் நாமே கொண்டு போய்விடுகிற மாதிரி ஆகிவிடும். ஒரே நாளில் இரண்டு பசுமைக்குடில் வேண்டாம் என்று சொல்வதும் இதனால்தான்.

மதியம் 11 முதல் 4 வரை வெயிலில் சுற்றாதீர்கள். சாப்பிட்டுவிட்டுத் தூங்குங்கள். சாயங்காலத்துக்கு கிருஷ்ணகிரியில் கேஆர்பி (கிருஷ்ணகிரி நீர்த்தேக்கத் திட்டம்) அணைப் பூங்கா இருக்கிறது.

தளி, ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி பக்கம் போனால் இருட்டுவதற்குள் பெரிய ரோட்டுக்கு வந்துவிட வேண்டும். காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயத்தை ஒட்டிய ஊர்கள் அவை, யானை வருகிற வழி. "யானை நடமாட்டம் இருக்குதுங்களா" என்று தோட்டக்காரரிடம் கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால் அன்றைக்கு வேண்டாம்.

7. எடுத்துக்கொண்டு போக வேண்டியவை

முழுக்கால் சட்டை அல்லது சுடிதார், மூடிய ஷூ, தொப்பி, ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர், மாற்றுச் செருப்பு, சில்லறைப் பணம், துணிப்பை. பசுமைக்குடிலுக்கு மஞ்சள் துணி வேண்டாம். வெள்ளை ஈ மஞ்சளுக்கு வரும் என்றுதான் உள்ளே மஞ்சள் ஒட்டும் அட்டைகளைத் தொங்கவிட்டிருப்பார்கள், உங்கள் சட்டையும் இன்னொரு அட்டையாகிவிடும். கடுமையான சென்ட்டும் வேண்டாம்.

கழிப்பறை விஷயத்தை யாரும் எழுதுவதில்லை. நிறையத் தோட்டங்களில் இருக்காது, வீடு தோட்டத்திலிருந்து தள்ளி இருக்கும். பெண்களும் குழந்தைகளும் ரூமிலேயே முடித்துக்கொண்டு கிளம்புங்கள். வழியில் பெட்ரோல் பங்க் எங்கே என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

8. தோட்டத்துக்குள்

உள்ளே போனதும் முதலில் கேட்க வேண்டியது கிணறும் பண்ணைக்குட்டையும் எங்கே என்பதை. இந்த மாவட்டத்தில் கைப்பிடிச் சுவர் இல்லாத ஆழமான கிணறுகள் இன்னும் இருக்கின்றன. பூந்தோட்டங்களில் தண்ணீர் தேக்கப் பிளாஸ்டிக் தாள் விரித்த குட்டைகள் இருக்கும். அந்தத் தாள் வழுக்கும், விழுந்தால் நீச்சல் தெரிந்தவரும் ஏறி வருவது கடினம். குழந்தையின் கையை விடவே கூடாது. காட்டோரத் தோட்டங்களில் மின்வேலி இருக்கும், எந்தக் கம்பியையும் தொடாதீர்கள்.

தோட்டக்காரர் நடக்கும் வழியிலேயே, அவருக்குப் பின்னால் நடங்கள். பாத்திக்குள் கால் வைத்தால் சொட்டுநீர்க் குழாய் மிதிபடும். மாம்பூக் கொத்தைப் பிடித்து இழுத்துப் படம் எடுக்காதீர்கள், பிஞ்சு உதிரும். காய் பறிக்கச் சொல்லிக் கொடுத்தால் காம்போடு பறியுங்கள். காம்பு ஒடிந்தால் வடிகிற பால் பழத்தைக் கறையாக்கும், தோலில் பட்டால் புண்ணாகும், கண்ணில் பட்டால் ஆஸ்பத்திரிதான்.

வண்டியை மாமரத்தடியில் நிறுத்த வேண்டாம். நிழல் நன்றாக இருக்கும், ஆனால் டிராக்டர் வரும் வழியும் பெரும்பாலும் அதுதான்.

வேலை செய்யும் அக்காக்களைப் படம் எடுப்பதற்கு முன் அவர்களிடமே கேளுங்கள், முதலாளியிடம் கேட்டது போதாது. தோட்டத்தின் லொக்கேஷனைப் பொதுவில் போடாதீர்கள். அடுத்த ஞாயிறு முப்பது பேர் கேட்காமல் வந்து நின்றால் அதோடு அந்த வாசல் எல்லோருக்கும் அடைபட்டுவிடும்.

9. பணம், வாங்குவது

கட்டணம் உண்டா என்று போனிலேயே கேட்டுவிடுங்கள். இல்லை என்றால் நேரில் நோட்டை நீட்டாதீர்கள், பலருக்கு அது சங்கடம். அதற்குப் பதில் விளைந்ததை வாங்குங்கள். சந்தை விலை என்ன என்று கேட்டு, அதைக் கொடுங்கள், பேரம் பேசாதீர்கள். ஒரு மணி நேரம் உங்களோடு நடந்திருக்கிறார், அதற்கும் கூலி உண்டல்லவா. கூட வந்து காட்டியவர் வேலையாளாக இருந்தால் அவர் கையில் தனியாகக் கொடுங்கள். வீட்டில் மோரோ காப்பியோ கொடுத்தால் வாங்கிக் குடியுங்கள்.

குத்தகைத் தோப்பில் பழம் வாங்கினால் காசு குத்தகைக்காரருக்கு. உரிமையாளர் இரண்டு பழத்தைக் கையில் கொடுத்தால் அது அவர்களுக்குள் உள்ள விஷயம், பை நிறைய எடுத்துக்கொண்டு வராதீர்கள்.

10. செடி வாங்கி வருகிறவர்களுக்கு

சந்தூர் போனவர்கள் கையில் செடி இல்லாமல் திரும்புவதில்லை. கடைசி நாள் வாங்குங்கள், மூடிய காரில் இரண்டு நாள் வெயிலில் வெந்தால் எந்த ஒட்டும் பிழைக்காது. ஒட்டுப்போட்ட இடம் கூடி நேராக இருக்கிறதா, அதற்கு மேலே புதுத் துளிர் வந்திருக்கிறதா என்று பாருங்கள். உயரமான செடிதான் நல்லது என்று தேடாதீர்கள், தண்டு உறுதியாக இருந்தால் போதும்.

கோடையில் வாங்கியதை உடனே நடவும் வேண்டாம். அரை நிழலில் வைத்துத் தண்ணீர் விட்டு வாருங்கள், ஆடி, ஆவணியில் மழை பிடித்த பிறகு நடுங்கள். நடும்போது ஒட்டுப் பகுதி மண்ணுக்கு மேலே இருக்க வேண்டும், சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் நாடாவைக் கழற்றிவிட வேண்டும். ஒட்டுக்குக் கீழே துளிர்ப்பதையெல்லாம் அவ்வப்போது கிள்ளி எறியுங்கள். விட்டுவிட்டால் கீழே இருக்கும் நாட்டுச் செடி ஓங்கி, நீங்கள் காசு கொடுத்து வாங்கிய ரகம் மேலே காய்ந்து போகும். முதல் இரண்டு மூன்று வருஷம் வரும் பூவையும் உருவிவிடச் சொல்வார்கள், மனசு கேட்காது, ஆனாலும் உருவிவிடுங்கள், மரம் கட்டுக்கு வரட்டும்.